தலைப்புக்கு அடுத்த பக்கம்

மர்பி டவுன், பெங்களூர்
25-11-1997, செவ்வாய்

அன்பு மகன் கஸ்பாருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் அங்கே நலமாக இருக்கிறாய். வழக்கமாக இந்த இடத்தில் நலமா என்று கேட்பேன். இந்த முறை அதைக் கேள்வியாக எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறாய் என்றே எழுதிவிட்டேன். இந்த ஒரு வரிக்குக் காலையிலிருந்து மூன்று தாள் போயிற்று. மழை இன்னும் விடவில்லை. சமையலறை மூலையில் ஒழுகுகிறது, நீ மஸ்கட்டுக்குப் போகுமுன் ஒட்டிவிட்டுப் போன தார்த் துண்டு பெயர்ந்துவிட்டது, அடியில் அண்டா வைத்திருக்கிறோம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, பள்ளிக்கூட ஆபீசில் மாடி ஏற வேண்டாத மேசையாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். எதிர்வீட்டு நாய் நான்கு குட்டி போட்டது, அதில் ஒன்று நம் வாசலிலேயே கிடக்கிறது, அம்மா அதற்குச் சோறு வைக்கிறாள், பெயர் மட்டும் வைக்கவில்லை, பெயர் வைத்தால் நம்முடையது ஆகிவிடும் என்கிறாள். நான் பேக்டரியிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு வருடம் ஆகப்போகிறது. பகல் முழுவதும் வீட்டில் நான் ஒருவன்தான். பகல் வீடு எப்படி இருக்கும் என்று இத்தனை வருடம் தெரியாது. சத்தங்கள் தனியாகக் கேட்கின்றன. அண்டாவில் சொட்டு விழுவது யாரோ ஒருவர் யோசித்து யோசித்துப் பேசுவதுபோல் இருக்கிறது.

ஜூன் மாதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நான் போட்ட நான்கு கடிதங்களும் திரும்பி வரவில்லை, பதிலும் வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அதில் ஒரு பகுதி உனக்குத் தெரியும், மீதி தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன கிறிஸ்துமஸுக்கு உனக்கு அனுப்பிய என் நாவலில் தலைப்புக்கு அடுத்த பக்கம் பிளேடால் வெட்டப்பட்டிருந்தது. ஏன் என்று நீ கேட்டிருந்தாய். மை அப்பிவிட்டது என்று எழுதினேன். அது பொய். அந்தப் பக்கத்தில் நீ இருந்தாய். நாவலை உனக்குத்தான் சமர்ப்பித்திருந்தேன். மேலே உன் பாஸ்போர்ட் போட்டோ, கீழே உன் பெயர், அதற்கும் கீழே இரண்டு தேதிகள், நீ பிறந்த நாள், நீ விமானம் ஏறிய நாள். வேறு ஒரு சொல் வேண்டாம் என்று நினைத்தேன். சொல் குறையக் குறைய நல்லது என்பது கல்லூரி நாளிலிருந்து என் பிடிவாதம், உனக்குத் தெரியும். என் புத்தகங்களை நான்தான் எழுதுகிறேன், நான்தான் பேப்பர் வாங்கிக் கொடுக்கிறேன், நான்தான் பிழை பார்க்கிறேன், நான்தான் சுமக்கிறேன். ஆனால் உன் போட்டோவை அச்சடிக்க பிளாக் செய்து சிக்பேட்டையிலிருந்து வரத் தாமதமானதால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் நான் பார்க்காமல் ரெமிஜியஸ் அச்சில் ஓட்டிவிட்டான். ரெமிஜியஸ் பிரஸ்ஸில் முக்கால்வாசி வேலை என்ன என்று நீயே பார்த்திருக்கிறாய். கல்யாணக் கார்டு, நவநாள் ஜெபம், மீதியெல்லாம் இறந்தவர்களுக்கான நினைவு அட்டை. அந்த அட்டைக்கான சட்டம் எழுத்து கோத்து, இறுக்கிப் பூட்டி எப்போதும் தயாராக இருக்கும். சுற்றிலும் லில்லிப் பூ, ஓரத்தில் மெழுகுவர்த்தி, முதல் தேதிக்கு முன்னால் நட்சத்திரம், இரண்டாம் தேதிக்கு முன்னால் சிலுவை. நடுவில் ஆள் மட்டும் மாறுவார். அதில் உன்னை வைத்துவிட்டான்.

ஐந்நூறு பிரதியும் பைண்டாகி வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். பிரஸ்ஸுக்கு ஓடினேன். ரெமிஜியஸ் முகத்தைப் பார்க்காமலே சொன்னான், அட என்ன முத்தண்ணே, ஒரு போட்டோ, கீழ ரெண்டு தேதி, எங்கிட்ட குடுத்தா நான் வேற என்னத்தண்ணே நினைப்பேன், பதினெட்டு வருசமா இந்தக் கை அதைத்தான் செய்யுது. பிறகு அவனே நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, பேஜார் பண்ணிக்காதீங்க, பிளேடு வெச்சு வெட்டிருங்க, ஒரு பக்கம்தானே, பையனுக்கு ஆயுசு கெட்டி என்றான். வீட்டுக்கு வந்து வெட்ட உட்கார்ந்தேன். பதினோரு பிரதி வெட்டினேன். உனக்கு வந்தது அதில் ஒன்று. பன்னிரண்டாவதைக் கையில் எடுத்தபோது ரங்கநாதன் வந்தார். ஸ்ரீராமபுரத்தில் வாசகர் வட்டம் நடத்துகிறாரே, அவர். கையிலிருந்ததை வாங்கிப் பிரித்தார். அந்தப் பக்கத்தில் நின்றார். பிறகு புத்தகத்தை மூடி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர். சார், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாதா என்றார். நான் வாயைத் திறந்தேன், கஸ்பார். சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் அவர், பேசாதீங்க சார், பேச முடியாது, எனக்குத் தெரியும் என்றார். இருபது பிரதி எடுத்துக்கொண்டு போனார். நான் பிளேடைக் காகிதத்தில் சுற்றி வைத்தேன்.

இருபது பிரதி என்பது உனக்குச் சின்னதாகத் தெரியலாம். என் முதல் புத்தகம் கவிதை, முந்நூறு போட்டேன், பேக்டரி நண்பர்கள் வாங்கி கேன்டீன் மேசை ஆடாமல் இருக்க அடியில் வைத்தார்கள், நானே பார்த்தேன். இரண்டாவது சிறுகதை, தொண்ணூற்றொன்று டிசம்பரில் பிரஸ்ஸைவிட்டு வெளியே வந்த வாரம்தான் ஊரில் காவிரிக் கலவரம். தமிழ் எழுத்து போட்ட புத்தகக் கட்டை ஆட்டோவில் வைத்துக்கொண்டு போக முடியாது. கோணியில் போட்டு மேலே உருளைக்கிழங்கைப் பரப்பி, நீயும் நானும் சைக்கிளில் தள்ளிக்கொண்டு வந்தோம். அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்ததை அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. கரையான் படித்தது. அதனால் மூன்றாவதை ரங்கநாதன் இருபதாக எடுத்துக்கொண்டு போனபோது எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. இரண்டு வாரத்தில் கடிதங்கள் வந்தன. ஈரோட்டிலிருந்து, நாகர்கோவிலிலிருந்து, பம்பாயிலிருந்து. மண்ணெண்ணெய் வாங்கப் போன பையன் திரும்பி வரவில்லை, அப்பன் காத்திருக்கிறான், நாவலில் அவ்வளவுதான் கதை. நீ போன பிறகு இந்த வீடு இருந்த விதத்தை வைத்து எழுதியது. அவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கதையைப் படித்தார்கள். அழுதார்கள். சிலர் நேரில் வந்தார்கள். நம் தெருவில் யாரும் தமிழ்ப் புத்தகம் படிப்பதில்லை, பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கிலீஷோ கன்னடமோ. அம்மாவும் அப்படித்தான், கான்வென்ட்டில் படித்தவள், என் எழுத்தில் ஒரு வரி அவளால் வாசிக்க முடியாது. புத்தகக் கட்டுகளை அவள் கட்டிலுக்கு அடியில் அடுக்கி, பழைய போர்வையால் மூடி வைத்திருந்தேன். அவள் ஒரு நாளும் விலக்கிப் பார்த்ததில்லை. அவள் வேலைக்குப் போயிருக்கும் பகலில்தான் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களும் பக்கத்து வீட்டில் துக்கம் விசாரிக்கிற ஆட்கள் இல்லை. இப்படியாக அல்சூர் ஏரிக்கு இந்தப் பக்கம் நீ மஸ்கட்டில் வேலையாக இருந்தாய். அந்தப் பக்கம் இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் நான் மட்டும் போய்வந்து கொண்டிருந்தேன்.

வந்தவர்களில் யாரோ ஒருவர் முன்னறையில் உன் போட்டோவுக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போனார். அம்மா வருவதற்குள் அதை அணைத்துத் தையல் மெஷின் டிராயரில் போட்டேன். அடுத்த ஆள் வந்தபோது நானே எடுத்து ஏற்றினேன். ஏற்றாமல் இருந்தால் அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தோன்றியது. பிறகு ஒரு நாள் மத்தியானம், யாரும் வரவில்லை, வரப்போவதும் இல்லை, உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவன் எழுந்துபோய் அதை ஏற்றினேன். ஏற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கை சுட்டபோதுதான் நான் மெழுகைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. இதை நீ மன்னிக்க வேண்டாம். தெரிந்துகொள்.

சொர்ணம் என்று ஒரு அம்மாள். நீலசந்திராவில் இருக்கிறாள், கார்மென்ட்ஸில் வேலை. அவள் மகன் மூன்று வருடத்துக்கு முன் லாரி மோதி இறந்துபோனான். வியாழக்கிழமை விவேக்நகர் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே நம் வீட்டுக்கு வருவாள், பெரும்பாலும் அரைநாள் லீவு போட்டுவிட்டு. நாவலை நான்கு முறை படித்திருக்கிறாள். முதலில் கதையைப் பற்றிப் பேசினாள். பிப்ரவரியிலிருந்து உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். உங்க பையனும் எம் பையனும் ஒண்ணாத்தான் சார் இருக்காங்க, எம் பையன் ஒரே ரோதனை புடிச்சவன், உங்க பையன் பொறுத்துக்கிறான், நல்ல வளர்ப்பு சார் என்றாள். துக்கத்தில் இருக்கிறவள் பேசட்டும் என்று விட்டேன். மார்ச்சில் ஒரு வியாழன், உங்க பையன் தூங்கும்போது வலது கையை மடக்கிக் கண்ணு மேல போட்டுக்கிறான் சார், வெளிச்சம் ஆகாதா அவனுக்கு என்று கேட்டாள். நீ குழந்தையிலிருந்து அப்படித்தான் தூங்குவாய். நாவலில் அது இல்லை. நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆமாம், வெளிச்சம் ஆகாது என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, அதான் ஜன்னல் பக்கம் எம் பையனைப் படுக்கச் சொல்லிட்டேன் என்றாள்.

ஏப்ரலில் பிரதிகள் தீரும் நிலை. சென்னையில் ஒரு விற்பனையாளர் முந்நூறு கேட்டார். கேட்டு வாங்கினார், கஸ்பார், நான் கொண்டுபோய்க் கெஞ்சவில்லை. ரெமிஜியஸிடம் இரண்டாம் பதிப்புக்கு ஐந்நூறு சொன்னேன். அவன் முதல் பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு, அண்ணே இந்தவாட்டி அதைச் சரி பண்ணிருவோம், சிலுவையையும் பூவையும் எடுத்துட்டு உங்க பையனைச் சும்னே, வெறும் படமா நடுவுல வெக்கறேன், காசு ஒண்ணும் வேணாம், நான் செஞ்ச தப்பு என்றான். நான் அப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்கட்டும், அப்படியே ஓட்டு என்றேன். அவன் கையிலிருந்த பக்கங்களை மேசைமேல் வைத்தான். பிறகு, நான் வெளிய போறேன், பையன் ஓட்டுவான், எங்கையால ரெண்டாம் தடவ ஆகாது என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். முதல் பதிப்பு ரெமிஜியஸின் தவறு. இரண்டாம் பதிப்பு என்னுடையது. இந்த வரியைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று ஐந்து மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதிவிட்டேன்.

மீதி உனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து தெரியாது. ஜூன் பதினைந்து, ஞாயிறு, பதினொரு மணி. ரங்கநாதன் சென்னையிலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார், பேட்டிக்கு. அம்மா பூசைக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று டீ குடிக்க அழைத்துப் போனேன். நமக்கு வரும் போனுக்குக் கூப்பிட்டுக் கொடுக்கும் ஜப்பார் பாயின் எஸ்.டி.டி. பூத் வாசலில் மூவரும் நின்றோம். பத்திரிகைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார், கடைசியாக உங்கள் மகன் உங்களிடம் பேசியது என்ன என்று. அப்போது உள்ளேயிருந்து ஜப்பார் பாய், ரைட்டர் சாப், போன், ஜல்தி வாங்கோ, லைன் கட் ஆயிடும் என்று கத்தினார். போய் எடுத்தேன். இரண்டு பேரும் என் தோளை ஒட்டி நின்றார்கள். நீ, அப்பா, நான்தான், கேக்குதா, இருக்கீங்களா என்றாய். குரல் தெளிவாக இருந்தது. மஸ்கட் அல்ல, மார்க்கெட் தெருவிலிருந்து பேசுவதுபோல. ரங்கநாதன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான், இல்லீங்க, ராங் நம்பர் என்றேன். வைத்தேன். வைக்கும்போதும் நீ பேசிக்கொண்டிருந்தாய், எழுத்தில்லாத சத்தமாக அது ரிசீவரிலிருந்து வந்தது. பேதுரு தன் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுத்தார். எனக்கு ஒன்று போதுமாக இருந்தது. வெளியே வந்து பத்திரிகைக்காரரின் கேள்விக்குப் பதில் சொன்னேன். கடைசியாக என்னிடம் என்ன பேசினாய் என்று அழகாகச் சொன்னேன். அது அச்சில் வந்திருக்கிறது.

அடுத்து வந்த வியாழன் சொர்ணம் வந்தாள். வழக்கம்போல் உட்காரவில்லை. என்ன சார் ஆச்சு உங்க பையனுக்கு, ஞாயித்துக்கிழமையிலிருந்து யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறான், காதுகிட்ட கையை வெச்சுக்கிட்டு நின்னுகிட்டே இருக்கான், எம் பையன் கூப்பிட்டாக்கூட திரும்ப மாட்டேங்கிறான் என்றாள். எப்படி வைத்திருக்கிறான் என்று கேட்டேன். காட்டினாள். டெலிபோன் பிடிக்கிற கை. ஜப்பார் பாய் சொல்லியிருக்கலாம், ரங்கநாதன் சொல்லியிருக்கலாம் என்று நான் இன்றுவரை கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அவள் அந்த இருவரையும் அறிந்தவள் அல்ல. அந்த வாரமே அந்த நான்கு கடிதங்களில் முதலாவதை உனக்குப் போட்டேன். அதில் லைன் கோளாறு என்று எழுதியிருந்தேன். அதுவும் பொய் என்று உனக்குத் தெரிந்திருக்கும். என் குரலை உனக்குத் தெரியாதா.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள், ஞாயிறு. நானும் அம்மாவும் காலைப் பூசைக்குப் போனோம். பூசை தொடங்குமுன் இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தவர்களின் கருத்துகளை வாசிப்பார்கள் அல்லவா, நீளமான பட்டியல். நான் கவனிக்கவில்லை. மர்பி டவுன் மதலைமுத்து, நோரா இவர்களின் மகன் கஸ்பாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, ஒப்புக்கொடுப்பவர் சொர்ணம். ஒலிபெருக்கியில். சாமியார் புதியவர், நம்மைத் தெரியாது, அடுத்த பெயருக்குப் போய்விட்டார். கோயில் முழுவதும் தலைகள் திரும்பின. ஏரியின் இரண்டு பக்கமும் அந்த நிமிடத்தில் ஒன்றாகிவிட்டன. அம்மா திரும்பவில்லை. நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூசை முடியும்வரை இருந்தாள், எழும்ப வேண்டிய இடத்தில் எழுந்தாள், முழங்கால் போட வேண்டிய இடத்தில் அந்தக் காலோடு போட்டாள். வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எப்ப, எப்படி, ஏன் சொல்லல என்று ஆளுக்கு ஒன்று. அம்மா சொன்னாள், எம் பையன் மஸ்கட்ல இருக்கான், போய் உங்க வேலையைப் பாருங்க. வீட்டுக்கு வந்து நேராகக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். அந்தப் பக்கத்தை வாசிக்கத் தமிழ் தேவையில்லை. படம், நட்சத்திரம், சிலுவை. வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். இதும்மேல நான் எத்தனை நாளா படுத்துட்டிருக்கேன். ஒரு வருடம் என்றேன்.

அவளிடம் எல்லாம் சொன்னேன், போனையும் சேர்த்து. அன்றிலிருந்து அவள் தரையில் படுக்கிறாள். என்னோடு பேசுகிறாள், சாப்பாடு போடுகிறாள், ஆனால் சொல்லுங்க என்று சொல்லிவிட்டு நான் சொல்வதைக் கேட்பதில்லை. நான் எல்லாரிடமும் உண்மையைச் சொல்லப் புறப்பட்டேன். இங்கேதான் நான் நினைக்காதது நடந்தது. ரங்கநாதனிடம் போய், என் மகன் இறக்கவில்லை, அச்சில் நேர்ந்த தவறு, நான் மறைத்துவிட்டேன் என்றேன். அவர் என்னை உட்கார வைத்து, காபி கொடுத்து, ஆமா சார், இருக்கான்னே நினைச்சுக்குங்க, அதுல என்ன தப்பு, எங்க அம்மா போனப்ப நானும் ஆறு மாசம் அவங்களுக்குத் தட்டு வெச்சேன் என்றார். தமிழ்நாட்டில் ஒரு இலக்கிய மன்றம் நாவலுக்குப் பரிசு அறிவித்திருக்கிறது, டிசம்பர் பதினான்கு விழா. பரிசு வேண்டாம், என் மகன் உயிரோடு இருக்கிறான் என்று எழுதினேன். கடிதம் நெஞ்சை உலுக்கிவிட்டது, விழாவில் வாசிக்க அனுமதி வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. சொர்ணத்திடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. எனக்கும் ஒரு வருசம் அப்படித்தான் சார் இருந்துச்சு, மெதுவாத்தான் புரியும் என்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பரிவு மட்டும்தான் இருந்தது. அந்தப் பரிவுக்கு முன்னால் ஒரு கணம், ஒரு கணம்தான், அவள் சொல்வதுதான் சரியோ, நான்தான் எதையோ மறந்துவிட்டேனோ என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து உன் பழைய கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். கடைசித் தேதி ஜூன் ஏழு. நீ இருக்கிறாய் என்பதற்கு அதற்கப்புறம் அன்று என்னிடம் இருந்தது அந்தப் போன் ஒன்றுதான். அதைத்தான் நான் ராங் நம்பர் என்று சொன்னேன்.

ரெமிஜியஸிடம் மூன்றாம் பதிப்பு கிடையாது, அந்தப் பிளாக்கைக் கொடுத்துவிடு என்று வாங்கிவந்துவிட்டேன். மீதமிருக்கும் நூற்றுச் சொச்சம் பிரதிகளை அம்மாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து வெட்டுகிறோம். ஒரு சாயங்காலத்துக்கு நாற்பது. வெட்டிய பக்கங்களை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. எரிக்க அம்மா விடமாட்டாள். பழைய பேப்பர் கடைக்குப் போட்டால் யாரோ வேர்க்கடலை மடித்துக் கொடுப்பான். இப்போதைக்கு உன் பெட்டியில் வைக்கிறோம். மூடும்போது எல்லா முகமும் ஒரே பக்கமாகப் பார்க்கும்படி அம்மா அடுக்குகிறாள்.

போன வாரம் நீ தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பில் இருந்த மலையாளிப் பையன் லீவில் வந்தவன் தேடிக்கொண்டு வந்தான், உன் குடையும் இரண்டு சட்டையும் கொடுத்துவிட்டுப் போனான். நீ ஜூலையிலேயே அந்த அறையைக் காலி செய்துவிட்டாய் என்கிறான், சலாலா பக்கம் வேலை என்று போனாயாம், முகவரி கொடுக்கவில்லையாம். உன்னிடம் என் நாவல் இரண்டு இருந்தது என்றும் சொன்னான். ஒன்று நான் அனுப்பியது. இன்னொன்று தமிழ்ச் சங்கத்தில் யாரோ கொடுத்ததாம். அந்த இன்னொன்றில் பக்கம் இருந்திருக்கும். எனவே நீ பார்த்துவிட்டாய். போனும் அதுவும் சேர்ந்து உனக்கு என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை அந்தப் பையன் மூலமாகவே ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, சலாலா கோயிலுக்கு ஒன்று என்று மூன்று பிரதி எழுதுகிறேன். மூன்றும் கையால். அச்சு வேண்டாம்.

கல்லறைத் திருநாளுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பதினொரு மணிக்கு நானும் அம்மாவும் ஜப்பார் பாய் பூத்தில் போய் நிற்கிறோம். அவர் அம்மாவுக்கு ஸ்டூல் போடுகிறார். நேற்று முன்தினம் பதினொன்று இருபதுக்கு போன் மணி அடித்தது. ஜப்பார் பாய் எடுத்து, ஹலோ ஹலோ என்றுவிட்டு, வெளிநாட்டு லைன் மாதிரி இருக்குது சாப், ஆள் பேசல என்றார். நான் பிடுங்கினேன். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், கோயிலில் திரும்பிப் பார்த்த அதே முகங்கள். கஸ்பார், என் மகனே, அப்பாதான்டா என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்றார்கள். எதிர்முனையில் ஒன்றுமில்லை. கடல் மாதிரி ஒரு இரைச்சல் மட்டும். அம்மா என் கையிலிருந்து வாங்கினாள். யார் என்று கேட்கவில்லை. கால் பரவாயில்லடா என்றாள். அடுப்படில ஒழுகுது, அப்பாவுக்குத் தார் ஒட்ட வராது என்றாள். நாய்க்குட்டியைப் பற்றிச் சொன்னாள். நான்கு நிமிடம் அப்படிப் பேசினாள், நடுநடுவே நிறுத்தி, பதில் கேட்பதுபோல் தலையாட்டினாள். லைன் போனதும் ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டு, அவன்தான் என்றாள். எப்படித் தெரியும் என்றேன். எம் பையன் பேசாம இருக்கறது எனக்குத் தெரியாதா என்றாள். நடந்து வந்தோம். வழியில் அவள் முகம் நன்றாக இருந்தது. நானும் ரிசீவரில் காது வைத்தவன். எனக்கு அது யாருடைய மௌனம் என்று தெரியவில்லை. உன்னுடையது என்றால் நீ உயிரோடு இருக்கிறாய், என்னோடு பேச விருப்பமில்லை, அவ்வளவுதான், அதை நான் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். சொர்ணத்தை மட்டும் இந்த வியாழக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவள் என்ன சொல்வாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாமல் காட்டு. ஞாயிறு பூசையை விடாதே, அங்கே என் பெயரைச் சொல்லி ஜெபிக்க வேண்டியதில்லை. கடவுள் உன்னை உன் பெயரோடும் உன் வயதோடும் காப்பாற்றட்டும். நீ வளர்ந்து, கிழவனாகி, எங்கள் இருவரையும் நீயே அடக்கம் செய்ய வேண்டும் என்பது அம்மாவும் நானும் தினமும் கேட்கும் ஆசீர்.

ஒன்று மட்டும் மறக்காதே. வருகிற ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும், இனி எல்லா ஞாயிறும், பதினொரு மணி. நான்தான் எடுப்பேன். கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் மட்டும் இருக்காதே, மகனே. திட்டு. கெட்ட வார்த்தையில் திட்டினாலும் சரி, கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி நீ சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன்.

உயிரோடிருக்கும் கஸ்பாரின் அப்பா,
மதலைமுத்து